தொடாத துகளின் ஆற்றலைத் தொலைநோக்கி எப்படி அளக்கிறது?

கேள்வி: செங்காங் வாசகி

வணக்கம். நான் அறிவியல் படித்தவள் இல்லை. கணக்காய்வு வேலை பார்க்கிறேன். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகன், இயற்பியல் வகுப்பில் ஆற்றவிருக்கும் உரைக்கு 'அமத்தெரசு' என்ற அண்டக்கதிர்த் துகளைத் தலைப்பாக எடுத்திருக்கிறான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள டெலஸ்கோப் அரே ஆய்வுக்களத்தில் 2021ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி பதிவான அந்தத் துகளின் ஆற்றல் 244 எக்சா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2.44 × 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் என்று அவன் எழுதி வைத்திருக்கிறான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அளந்தார்கள்" என்பதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. ஒரு தொகையைப் பார்த்தால் அதற்கான ஆதாரச் சீட்டைத் தேடுவது என் தொழில் என்பதால், என்னால் அதோடு விட முடியவில்லை.

நான் புரிந்துகொண்ட வரையில், அந்தத் துகள் தரையை எட்டவே இல்லை. வளிமண்டலத்தின் உயரத்தில் ஏதோ ஓர் அணுக்கருவில் மோதிச் சிதறிப்போனது. கீழே வந்தவை அதன் வழித்தோன்றல்களின் ஒரு பகுதி மட்டுமே. அப்படியிருக்க, இத்தகைய துகள்களின் ஆற்றலைத் தரையில் இருக்கும் தொலைநோக்கிகள் அளக்கின்றன என்று படித்தபோது எனக்கு மூன்று ஐயங்கள் எழுந்தன. வானத்தில் தெரியும் வெளிச்சத்துக்கும் துகளின் ஆற்றலுக்கும் என்ன தொடர்பு? வழியில் காணாமல் போன ஆற்றலை யார், எப்படிக் கணக்கில் சேர்க்கிறார்கள்? கடைசியாக, இது உண்மையிலேயே அளவீடா, கணினி ஒப்புருவாக்கம் சொல்லும் எண்ணை அளவீடு என்று அழைக்கிறார்களா? துறையறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: கிளமெண்டி இயற்பியல்

வணக்கம் அக்கா. உங்கள் மூன்றாவது கேள்விதான் இந்தத் துறைக்காரர்கள் பல ஆண்டுகளாகத் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு துகளின் முழு ஆற்றலையும் அறிய வேண்டுமானால், அதைத் தடிமனான ஒரு பொருளுக்குள் செலுத்தி, அது அங்கே இறக்கிவைக்கும் ஆற்றலைக் கூட்டிப் பார்ப்பது ஆய்வகங்களில் வழக்கமான முறை. அண்டக்கதிர்களுக்கு அந்தப் பொருள் காற்றுதான். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மேலே ஏறக்குறைய 1,030 கிராம் காற்று இருக்கிறது. 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள் நுழைந்தால், முதல் மோதலில் பிறக்கும் துகள்கள் அடுத்தடுத்து மோதிப் பெருகி, சதுர சென்டிமீட்டருக்கு 700 முதல் 800 கிராம் வரை காற்றைக் கடந்த ஆழத்தில் ஏறக்குறைய 60 பில்லியன் மின்னூட்டத் துகள்களாகத் திரண்டு, பிறகு மெல்லத் தேய்கின்றன. இத்தகைய பரந்த துகள் பொழிவுகளை 1938ஆம் ஆண்டில் பியேர் ஓஜே கண்டறிந்தார். அர்ஜென்டினாவில் உள்ள மிகப் பெரிய ஆய்வுக்களம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இந்தப் பொழிவில் பெரும்பான்மை எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும்தான். அவை கடந்து செல்லும் வழியிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் கிளர்ச்சியடைந்து, 300 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியை உமிழ்கின்றன. அதில் மிகவும் வலுவான கோடு 337 நானோமீட்டரில் இருக்கிறது. இதை ஒளிர்வு என்கிறோம். நமக்கு உதவும் இரண்டு பண்புகள் இந்த ஒளிக்கு உண்டு. எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதால் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் தள்ளி நின்றே பார்க்கலாம் என்பது ஒன்று. ஒளியின் அளவு, அந்த இடத்தில் காற்றில் இறங்கிய ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது மற்றொன்று. இந்த விகிதத்தை யாரும் ஊகிக்கவில்லை. ஏர்ஃபிளை என்ற ஆய்வுக்குழு ஃபெர்மிலேப் முடுக்கியின் புரோட்டான் கற்றையைக் காற்று நிரம்பிய கலனுக்குள் செலுத்தி, ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இறங்கினால் 337 நானோமீட்டர் கோட்டில் 5.61 ஒளித்துகள்கள் கிடைக்கின்றன என்று ஏறக்குறைய 4 விழுக்காட்டுத் துல்லியத்துடன் அளந்தது. நீங்கள் தேடும் சீட்டுகளில் முதலாவது இதுதான்.

எவ்வளவு ஒளி தொலைநோக்கிக்கு வந்துசேரும் என்பதை உங்கள் மகன் ஒரு தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மின்னூட்டத் துகளும் ஒரு மீட்டர் தொலைவுக்கு ஏறக்குறைய 4 ஒளித்துகள்களை எழுப்புகிறது; 60 பில்லியன் துகள்கள் என்றால் மீட்டருக்கு 240 பில்லியன். பொழிவு 20 கிலோமீட்டர் தொலைவில் நடக்கிறது என்றால் இந்த ஒளி 5,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கோளத்தில் விரிந்துவிடும். ஓஜே ஆய்வுக்களத் தொலைநோக்கி ஒன்றின் திறப்பு 2.2 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் பரப்பு 4 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால், பொழிவு கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 180 ஒளித்துகள்கள். கேமரா 100 நானோ நொடிக்கு ஒருமுறை பதிவெடுக்கிறது. அந்த நேரத்தில் பொழிவு 30 மீட்டர் இறங்கியிருக்கும் என்பதால் ஒரு பதிவுக்கு 5,400. இதில் பாதிக்கும் மேல் வழியிலேயே சிதறிப்போகும். மிஞ்சியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே ஒளிபெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றும். ஆக, கையில் மிஞ்சுவது சில நூறு. எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும், நிலவில்லாத இருளில் அதை எண்ணிவிட முடியும்.

கேமராவில் நடப்பது இதுதான். 440 அறுகோணப் புள்ளிகள், ஒவ்வொன்றும் வானில் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை. அவற்றில் ஒரு வரிசை மட்டும் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சில பத்து மைக்ரோ நொடிகளுக்குள் மின்னி அணைகிறது. அந்த வரிசை, பொழிவும் தொலைநோக்கியும் அமைந்த தளத்தைக் காட்டுகிறது. மின்னிய நேரங்கள் அந்தத் தளத்துக்குள் பொழிவு எவ்வளவு தொலைவில், எவ்வளவு சாய்வாக வந்தது என்று காட்டுகின்றன. தொலைவு தெரிந்தபின், ஒவ்வோர் ஆழத்திலும் இறங்கிய ஆற்றலைக் கணக்கிட்டு ஒரு வளைகோடு வரைகிறார்கள். கெய்சர்–ஹில்லாஸ் சார்பு என்ற வடிவத்தை அதற்குப் பொருத்தி, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் கூட்டினால் காற்றில் இறங்கிய மொத்த ஆற்றல் கிடைக்கிறது. பொழிவின் அடிப்பகுதி தரைக்குள் புகுந்து மறைந்தாலும், கண்ணுக்குத் தெரிந்த பகுதியின் வளைவை வைத்து மீதியை நீட்டிக்கொள்ளலாம்.

இனிக் காணாமல் போன ஆற்றல். நியூட்ரினோக்கள் காற்றில் எதையும் விட்டுச்செல்வதில்லை. எலக்ட்ரானின் கனமான உறவினரான மியூவான்கள் பெரும் ஆற்றலோடு தரைக்குள் இறங்கிவிடுகின்றன. இதைப் 'புலப்படா ஆற்றல்' என்கிறார்கள். ஓஜே குழு இதை முழுக்க ஒப்புருவாக்கத்திடம் விடாமல், தரையில் தானே பதிவுசெய்யும் மியூவான்களைக் கொண்டு மதிப்பிடுகிறது: 2.5 × 10¹⁸ எலக்ட்ரான் வோல்ட்டில் மொத்தத்தில் ஏறக்குறைய 14 விழுக்காடு, 10²⁰-இல் ஏறக்குறைய 12 விழுக்காடு. ஆக, முடுக்கிகள் எட்டாத ஆற்றலில் அணுக்கருக்கள் எப்படி மோதுகின்றன என்ற அறியாமை, இந்தச் சிறு பங்கைத்தான் பெரிதும் தொடுகிறது. மீதி எண்பத்தாறு, எண்பத்தெட்டு விழுக்காடும் எலக்ட்ரான்கள் காற்றை அயனியாக்கும் இயற்பியல். அது நூறாண்டுகளாக நன்கு தெரிந்த ஒன்று. தொலைநோக்கி முறையை நான் அளவீடு என்று தயங்காமல் சொல்வதற்குக் காரணம் இதுவே.

பதில்: லேசர்க்காரன்

மேலே எழுதியவர் இயற்பியலை நன்றாகச் சொன்னார். ஆனால் "வழியிலேயே சிதறிப்போகும்" என்று ஒரே வரியில் தாண்டிச் சென்ற இடத்தில்தான் பாதி வேலையே இருக்கிறது. நான் லேசரைச் சுட்டு, திரும்பி வரும் ஒளியால் காற்றை அளக்கும் லைடார் கருவிகளோடு பணியாற்றுகிறவன் என்பதால் அந்தப் பகுதியை நிரப்புகிறேன்.

புகைமூட்டக் காலத்தில் நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், எதிரேயுள்ள புளோக் தெளிவாகவும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருப்பது மங்கலாகவும் தெரியும். மங்கலாகத் தெரியும் விளக்கு உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று சொல்ல, இடையிலுள்ள காற்றின் தெளிவை அறிந்திருக்க வேண்டும். இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் பொழிவுக்கு இந்தத் திருத்தமே ஆற்றலைத் தீர்மானிக்கும் பெருக்கல் காரணிகளுள் ஒன்று. காற்று மூலக்கூறுகளால் ஏற்படும் சிதறலை அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். தூசுப்படலம் அப்படிப்பட்டதில்லை; அது மணிக்கு மணி மாறும், அளந்தே ஆக வேண்டும்.

அர்ஜென்டினாவின் மலார்குயே நகரை ஒட்டிய ஓஜே களத்தில் 24 தொலைநோக்கிகள் நான்கு இடங்களில் நின்று, ஏறக்குறைய 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பின்மீதுள்ள வானத்தை உள்நோக்கிப் பார்க்கின்றன. களத்தின் நடுப்பகுதியிலிருந்து 355 நானோமீட்டர் லேசர் ஒன்று இரவில் குறித்த இடைவெளிகளில் வானை நோக்கிச் சுடும். அதன் துடிப்பு ஒன்றின் ஆற்றல் ஏறக்குறைய 7 மில்லி ஜூல். அதிலிருந்து சிதறி வரும் ஒளி, தொலைநோக்கிக்கு 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் பொழிவின் அளவுக்குத் தெரியும். பொழிவின் மொத்த ஆற்றலோ 16 ஜூல். இந்த முரண்பாடு முதலில் எனக்கும் வியப்பாக இருந்தது. இறங்கிய ஆற்றலில் ஏறக்குறைய பதினையாயிரத்தில் ஒரு பங்குதான் ஒளிர்வாக வெளிவருகிறது என்பதே அதற்கு விளக்கம். சுட்ட ஆற்றல் தெரியும், வந்துசேர்ந்த ஒளி தெரியும்; இடையில் காற்று எவ்வளவு விழுங்கியது என்பது அந்த இரண்டிலிருந்து கிடைத்துவிடும். இதற்கு மேல் ஒவ்வொரு தொலைநோக்கி நிலையத்திலும் லைடாரும் மேகங்களைப் பார்க்கும் அகச்சிவப்புக் கேமராவும் உண்டு.

பிழைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் விரும்புவீர்கள். ஓஜே குழு தன் ஆற்றல் அளவுகோலின் முறைசார் பிழையை, அதாவது எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கம் இழுக்கக்கூடிய பிழையை, 14 விழுக்காடு என்று அறிவித்திருக்கிறது. 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரிவுக் கணக்கின்படி ஒளிர்வு விகிதத்தின் பங்கு 3.6, வளிமண்டலத்தின் பங்கு 3.4 முதல் 6.2 வரை, புலப்படா ஆற்றலின் பங்கு 3-க்கும் கீழே. எல்லாவற்றையும்விடப் பெரியது, 9.9 விழுக்காடு, தொலைநோக்கியின் சொந்த அளவுத்திருத்தம்! கோட்பாடும் இல்லை, காற்றும் இல்லை. கண்ணாடி, வடிகட்டி, ஒளிபெருக்கிக் குழாய் ஆகியவற்றின் மொத்தத் திறனை அறிவதுதான் கடினமாக இருக்கிறது. அதற்காக 2.5 மீட்டர் விட்டமுள்ள முரசு போன்ற ஒரு விளக்கைச் செய்து, அதன் முகப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிரும்படி அமைத்து, ஆய்வகத்தில் அதன் ஒளியை அளந்தபின், தொலைநோக்கியின் திறப்பில் நேராக மாட்டி 440 குழாய்களையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறார்கள். இரண்டரை மீட்டர் அகலத்துக்குச் சீரான ஒளியை உண்டாக்குவது எவ்வளவு தலைவலி என்பது ஒளியியலில் கைவைத்தவர்களுக்குத் தெரியும்.

செங்காங் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது ஒரு புதிய ஐயம். மகனிடம் காட்டியபோது, அமத்தெரசுவைத் தொலைநோக்கிகள் பார்க்கவே இல்லை, தரையில் பரப்பிய கருவிகள் மட்டுமே பதிவுசெய்தன என்று சொன்னான். அப்படியானால் மேலே நீங்கள் விளக்கிய எதுவும் 244 என்ற எண்ணுக்குப் பொருந்தாதா? தொலைநோக்கி இல்லாமலே அளக்க முடியுமென்றால், தொலைநோக்கி எதற்கு?

பதில்: கிளமெண்டி இயற்பியல்

மகன் சொன்னது சரி. அன்றைக்கு முந்தைய நாள் பௌர்ணமி. சந்திர கிரகணம் நிகழ்ந்த அதே பௌர்ணமி. நிலவொளியில் இந்தக் கேமராக்களைத் திறக்க முடியாது. மேகமில்லாத, நிலவில்லாத இரவுகள் மட்டுமே பயன்படும் என்பதால் ஓஜே தொலைநோக்கிகள் ஓராண்டில் ஏறக்குறைய 15 விழுக்காடு நேரமே வேலை செய்கின்றன. 10²⁰-க்கு மேற்பட்ட துகள்களோ ஒரு சதுர கிலோமீட்டரில் நூற்றாண்டுக்கு ஒன்றுகூட விழுவதில்லை. இவ்வளவு அரிதான விருந்தாளிக்கு 15 விழுக்காடு நேரம் மட்டும் கதவைத் திறந்து வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே இரவு பகல் பாராமல் இயங்கும் தரைக் கருவிகள் வேண்டும். டெலஸ்கோப் அரேயில் 1.2 கிலோமீட்டர் இடைவெளியில், துகள் பட்டால் மினுங்கும் 507 மினுமினுப்புக் கருவிகள், ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டரில், அதாவது நம் சிங்கப்பூரின் பரப்பளவுக்குச் சற்றுக் குறைவாக. ஓஜேயில் 1,600-க்கும் மேற்பட்ட தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் தூய நீர், ஒன்றுக்கொன்று ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.

தரைக் கருவி தனியாகச் சொல்லும் செய்தி இவ்வளவுதான்: பொழிவின் நடுவிலிருந்து குறித்த தொலைவில், ஓஜேயில் 1,000 மீட்டரிலும் டெலஸ்கோப் அரேயில் 800 மீட்டரிலும், சைகை எவ்வளவு வலுவாக இருந்தது என்பது. அதை ஆற்றலாக மாற்ற ஒரு விகிதம் வேண்டும். ஒப்புருவாக்கத்தைக் கேட்டால் அது தருவது பிழையான விகிதம்! இது வெறும் பேச்சு இல்லை. டெலஸ்கோப் அரேயில் ஒப்புருவாக்கம் சொல்லும் ஆற்றலை, தொலைநோக்கியும் தரைக் கருவியும் சேர்ந்து பார்த்த நிகழ்வுகளோடு ஒப்பிட்டபோது, ஒப்புருவாக்கம் 27 விழுக்காடு கூடுதலாகச் சொல்வது தெரிந்தது. அதனால் அங்கே தரைக் கருவியின் ஒவ்வோர் ஆற்றலையும் 1.27 ஆல் வகுத்தே வெளியிடுகிறார்கள். 244 என்பது அப்படி வகுத்தபின் கிடைத்த எண். ஆக, அமத்தெரசுவைத் தொலைநோக்கி பார்க்கவில்லை என்றாலும், அதை எடைபோட்ட படிக்கல் தொலைநோக்கியிடமிருந்து வந்தது.

ஓஜே குழு ஒப்புருவாக்க எண்ணை முதலிலேயே விட்டுவிடுகிறது. இரண்டு முறையிலும் தெளிவாகப் பதிவான நிகழ்வுகளை எடுத்து, 1,000 மீட்டர் சைகையை 38 பாகைச் சாய்வுக்குச் சமன்செய்து, தொலைநோக்கி அளந்த ஆற்றலுக்கு எதிராக வரைபடம் போட்டு, ஒரு கோட்டைப் பொருத்துகிறது. 2020இல் வெளியான நிறமாலைக்கு (எந்த ஆற்றலில் எத்தனை துகள்கள் என்ற கணக்குக்கு) இப்படிப் பயன்பட்டவை 3,338 நிகழ்வுகள். அந்தக் கோட்டை வைத்து ஆற்றல் கணிக்கப்பட்டவை 2,15,030. ஒரு சிறு தொகுதி முழுத் தொகுதிக்கும் அளவுகோலாவது உங்கள் தொழிலிலும் நடப்பதுதான்.

244-க்குப் பக்கத்தில் உள்ள பிழை வரம்பையும் மகன் உரையில் சேர்க்கட்டும்: புள்ளியியல் பிழை கூட்டலும் கழித்தலும் 29, முறைசார் பிழை மேல்பக்கம் 51, கீழ்ப்பக்கம் 76. கீழ்ப்பக்கம் பெரிதாக இருப்பதற்கு, வந்த துகள் புரோட்டானா கனமான அணுக்கருவா என்பது தெரியாததும் ஒரு காரணம். தொலைநோக்கி பார்த்திருந்தால், பொழிவு உச்சமடைந்த ஆழத்திலிருந்து அதைப் பற்றியும் ஒரு குறிப்புக் கிடைத்திருக்கும். 1991ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி யூட்டாவிலேயே 'ஃபிளைஸ் ஐ' தொலைநோக்கி பதிவுசெய்த 320 எக்சா எலக்ட்ரான் வோல்ட் துகள் இதற்கு நேர்மாறு; அது முழுக்க முழுக்க ஒளிர்வால் அளக்கப்பட்டது, ஏறக்குறைய 51 ஜூல்.

பதில்: நீலகிரிக்காரன்

பிறந்த ஊர் ஊட்டி, இப்போது வேலை இங்கே. அதனால் ஒரு சேர்க்கை. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 இருக்கிறது. 2,200 மீட்டர் உயரம், 8 மீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 400 மினுமினுப்புக் கருவிகள், பக்கத்திலேயே 560 சதுர மீட்டரில் 'மியூவான் தொலைநோக்கி'. பெயரில்தான் தொலைநோக்கி, உள்ளே கண்ணாடியும் இல்லை, வில்லையும் இல்லை. கான்கிரீட் அடுக்குக்குக் கீழே ஆறு மீட்டர் நீளச் சதுர இரும்புக் குழாய்கள் 3,712 படுத்திருக்கின்றன, அவ்வளவுதான். எலக்ட்ரான்கள் கான்கிரீட்டில் நின்றுவிட, ஊடுருவி வரும் மியூவான்களை அவை எண்ணுகின்றன. 2024இல் அந்தக் குழு, புரோட்டான் நிறமாலை 166 டெரா எலக்ட்ரான் வோல்ட் அருகே சற்று நிமிர்கிறது என்று அறிவித்தது. ஓஜே இதுவரை பட்டியலிட்ட மிகப் பெரிய துகளும் 166 தான், ஆனால் எக்சா. இடையில் பத்து லட்சம் மடங்கு!

இன்னொன்று: நமீபியாவின் ஹெஸ், லடாக்கில் ஹான்லேயிலுள்ள 21 மீட்டர் மேஸ் ஆகிய தொலைநோக்கிகளும் இதே முறையில்தானே ஆற்றலை அளக்கின்றன?

பதில்: லேசர்க்காரன்

இல்லை, ஐயா, அவை, காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சும் துகள்கள் எழுப்பும் செரன்கோவ் ஒளியைப் பார்ப்பவை, முக்கியமாகக் காமாக் கதிர்களுக்கானவை. செரன்கோவ் ஒளி எல்லாத் திசையிலும் பரவாமல் பொழிவு செல்லும் திசையிலேயே குவிந்து, தரையில் ஏறக்குறைய 120 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சில நானோ நொடிகளுக்கு விழுகிறது. அந்த வட்டத்துக்குள் தொலைநோக்கி நிற்க வேண்டும். பிம்பத்தின் பிரகாசத்தையும் பொழிவு மையத்தின் தொலைவையும் சேர்த்து ஒப்புருவாக்க அட்டவணையோடு ஒப்பிட்டே ஆற்றலைப் பெறுகிறார்கள். எனவே செங்காங் வாசகியின் மூன்றாவது கேள்வியை அங்கே கேட்டால், விடையில் ஒப்புருவாக்கத்தின் பங்கு ஒளிர்வு முறையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூரில் ஒளிர்வுத் தொலைநோக்கி வைக்க முடியாது. நகர வெளிச்சமும் மேகமும் ஒருபுறம். நம் ஈரப்பதம் இன்னொருபுறம். நீராவி, கிளர்ச்சியடைந்த நைட்ரஜன் ஒளியை உமிழுமுன்னே அதன் ஆற்றலைப் பறித்துக்கொள்கிறது.

செங்காங் வாசகி

இப்போது ஆதாரச் சீட்டு எங்கெங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. இந்த நிகழ்வுகளின் பதிவுகளை வெளியாட்கள் பார்க்க வழியுண்டா? அந்தக் கோட்டை மகனே பொருத்திப் பார்த்தால் உரைக்கு வலு சேரும்.

பதில்: கிளமெண்டி இயற்பியல்

உண்டு. ஓஜே குழு 2021இல் தன் பதிவுகளில் 10 விழுக்காட்டைப் பொதுவில் வெளியிட்டது. பைத்தான் நிரல்களும் கூடவே கிடைக்கின்றன. தொலைநோக்கியும் தொட்டிகளும் சேர்ந்து பார்த்த நிகழ்வுகளை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு அச்சிலும் மடக்கை எடுத்து வரையச் சொல்லுங்கள். சாய்வு 1-க்குச் சற்று மேலே, ஏறக்குறைய 1.03 வர வேண்டும். 3 எக்சா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள நிகழ்வுகளைச் சேர்க்காமல் இருப்பது முக்கியம்; அங்கே தொட்டிகள் எல்லாப் பொழிவுகளையும் முழுமையாகப் பிடிப்பதில்லை என்பதால் கோடு ஒருபக்கம் இழுபடும்.